பதினேழாம் இலக்கக் கத்தி

சென்ற வாரம், தரக் கட்டுப்பாட்டு வேலை பார்க்கிற உங்களில் ஒருவர் என் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். உங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் செய்த கருவிப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் மஞ்சள் வண்ணம் அடித்து, மேலே இலக்கம் போட்டிருந்தார்கள். ஒரு கொக்கிகூட வெறுமையாக இல்லை. கீழே "எப்படி சேர்?" என்று ஒரு கேள்வி.

நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். அது மரியாதைக்குப் போட்ட பதில். உண்மையில், நிறைந்திருக்கிற பலகையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். யாருக்குக் காட்ட எடுத்த படம், எடுத்து முடிந்ததும் எந்தக் கருவி யாருடைய சட்டைப் பைக்குள் போனது என்றெல்லாம் மனம் ஓடும். நான் ஒரு சந்தேகப் பிராணி. மீன்காரர் தராசைத் தூக்கினால் மீனைப் பார்க்க மாட்டேன், அவருடைய சுண்டுவிரலைத்தான் பார்ப்பேன். தர அதிகாரி வேலைக்கு இந்தக் குணம் தோதானது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பல தடவை அது கைகொடுத்தும் இருக்கிறது. ஒரு தடவை அது என்ன செய்தது என்பதைத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன். பலகை செய்தவர் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

ஓய்வு பெறும் முன் கடைசி எட்டு வருடம், புத்தளத்தில் மாம்புரிக்குக் கிட்ட, கடலுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் நடுவில் இருந்த ஒரு நண்டுக் கம்பனியில் வேலை பார்த்தேன். காலையில் வள்ளங்களில் வரும் நீலக்கால் நண்டை அவித்து ஆறவைப்போம். பெண்கள் மேசையைச் சுற்றி நின்று, சின்னக் கத்தியால் ஓட்டைப் பிளந்து சதையை எடுப்பார்கள். அந்தச் சதையை வாளிகளில் போட்டு, ஐஸுக்குள் புதைத்து, பின்னேரம் லொறியில் கொழும்புப் பக்கம் இருந்த பெரிய தொழிற்சாலைக்கு அனுப்புவோம். டின்னில் அடைப்பதும் கப்பல் ஏற்றுவதும் அவர்கள் பாடு.

பெரிய தொழிற்சாலை ஒரு நாள் நிபந்தனை போட்டது. அவர்களுக்குச் சதை அனுப்பும் எல்லா இடங்களிலும் ஃபைவ் எஸ், கைசன் என்ற ஜப்பானிய ஒழுங்குமுறைகள் வேண்டும், இல்லையென்றால் அனுப்பத் தேவையில்லை. ஒரு பயிற்சியாளர் வந்தார். மூன்று நாள் நின்றார். வேண்டாததை வெளியே போடு, வேண்டியதற்கு ஓர் இடம் குறி, ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றைக் கொஞ்சமாவது திருத்து, பிழை நடந்தால் ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு அடிவேரைப் பிடி என்று சொல்லித் தந்தார். நல்ல மனிதர், சொன்னதெல்லாம் நல்லவை. மூன்றாம் நாள் பகல் புரியாணி சாப்பிட்டு, எல்லோருடனும் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுவரில் ஒட்டிய வாசகங்களும் நானும் மிஞ்சினோம்.

பெண்களுக்கு இதில் துளியும் நம்பிக்கை இருக்கவில்லை. நான் நேரம் அளக்கும் கடிகாரத்தோடு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றால் இருபத்து நாலு பேரின் கையும் ஒரே நேரத்தில் மெதுவாகிவிடும். மண்டப மேற்பார்வை பார்த்த, எல்லோருக்கும் அக்கா முறையான பௌசியா ராத்தாதான் காரணத்தைச் சொன்னார். நேரம் பார்க்க ஆள் வந்தால் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்பதுதான் அர்த்தமாம். அப்படி இல்லை ராத்தா என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் தலையாட்டினார். தலையாட்டியதையும் நான் நம்பவில்லை. யோசனைப் பெட்டி ஒன்று வாசலில் தொங்கியது. முதல் எட்டு மாதமும் அதற்குள் ஒரு பல்லி மட்டும்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் நான் கத்திப் பலகையைச் செய்தேன். அதற்கு முன் வேலை முடிந்ததும் கத்திகள் எல்லாம் ஒரு பேசினுக்குள் கிடக்கும். யாருடையது எது, எத்தனை இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அலகு சுண்டுவிரல் நீளம்தான். ஒரு வாளிச் சதைக்குள் விழுந்து ஐஸோடு போனால் யார் கண்ணிலும் படாது. இரும்பைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அப்போது எட்டாத கனவு. ஆகவே பலகையில் இருபத்து நாலு கொக்கி, ஒவ்வொன்றுக்கும் கத்தியின் வடிவம், இலக்கம். பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது மாட்ட வேண்டும், வேலை முடிந்ததும் மாட்ட வேண்டும். கடைசியில் ஒரு கொக்கி வெறுமையாக இருந்தால், கத்தி கிடைக்கும்வரை கம்பனியிலிருந்து ஒரு வாளிகூட வெளியே போகக் கூடாது. தன் இலக்கக் கத்தியைத் தவிர வேறு எதையும் யாரும் தொடவும் கூடாது. இந்த விதிகளை எழுதியவன் நான். கீழே கையெழுத்துப் போட்டவனும் நான்.

பலகை தொங்கிய முதல் வாரமே பதினேழாம் இலக்கம் பிரச்சினையானது. பதினேழு ஜெஸீமாவுடையது. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களைப் பைகளைச் சோதித்து மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது தனக்கு ஆறு வயது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் கம்பனியிலிருந்து பத்து நிமிட நடையில், வீதிக்கு அந்தப் பக்கம் வீடு. அகதிக் கொட்டில்கள் இருந்த அந்த இடத்தில் இப்போது கல்வீடுகள், கடை, பள்ளிவாசல் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் புத்தளத்து ஆட்களாகிய நாங்கள் அந்த இடத்துக்கு இன்னமும் முகாம் என்றுதான் சொல்வோம். ஏதாவது காணாமல் போனால் எங்கள் பேச்சு முதலில் முகாம் பக்கம் திரும்பும். என் வீட்டிலும் அப்படித்தான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மிச்சக் கதை உங்களுக்கு விளங்காது.

ஜெஸீமா தன் கத்தியின் பிடியில் சிவப்பு நூல் சுற்றி, கைக்குத் தோதாக்கி வைத்திருந்தார். வேலை முடிந்ததும் அதைத் துடைத்து, துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். பலகை வந்த பிறகும் அப்படியே செய்தார். வாசலில் பையைத் திறக்கச் சொல்லிப் பிடித்தோம். எல்லோருக்கும் முன்னால் வைத்து, இது உங்கள் உம்மா வீட்டுச் சாமான் இல்லை என்று நான் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"விட்டுட்டுப் போன சாமான் திரும்பிக் கிடைக்கும் எண்டு எங்கட ஆக்கள் நம்புறேல்ல சேர்," என்றார். "கையில இருக்கிறதுதான் எங்கட."

நூல் சதைக்குள் விழும், கத்தி இங்கேதான் இருக்க வேண்டும், இங்கே வைத்தால் ஒன்றும் ஆகாது, அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். நான் பொறுப்பு என்ற வார்த்தையை உங்களில் பலரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறீர்கள். நானும் அவ்வளவு எளிதாகத்தான் சொன்னேன். மறுநாள் அவர் நூலை அவிழ்த்துவிட்டு வந்தார். அன்று முதல் பதினேழாம் கொக்கியில் கத்தியை மாட்டும்போது அது வடிவத்துக்குள் சரியாக நிற்கிறதா என்று ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார். இருபத்து நாலு பேரில் அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான். நான் அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். இவ்வளவு ஒழுங்காக நடக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று பட்டது.

பெரிய தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதற்கு நாலைந்து நாள் முந்திய ஒரு நாளில்தான் அது நடந்தது. பின்னேரம் வேலை முடிந்தது. லொறி பின்புறத்தில் வந்து நின்றது. வாளிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பௌசியா ராத்தா பலகையைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்து, கதவை மூடிய பிறகுதான் சொன்னார். பதினேழு இல்லை.

ஜெஸீமாவைக் கூப்பிட்டேன். அன்று பகலுக்குப் பிறகு அவருக்குக் கத்தி வேலை இல்லை. எடுத்த சதையில் ஓட்டுத் துண்டு இருக்கிறதா என்று நீல வெளிச்சத்தின் கீழ் பார்க்கும் மேசைக்கு அவரை மாற்றியிருந்தோம். பகல் ளுஹர் தொழுகைக்கு வீட்டுக்குப் போகும் முன் கத்தியை மாட்டினேன், பிறகு பலகைப் பக்கம் வரவே இல்லை என்றார். மாட்டியதைக் கண்டவர் யார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. எல்லோரும் தத்தம் கத்தியை மாட்டிவிட்டு ஓடும் நேரம் அது.

மண்டபத்தைத் தலைகீழாக்கித் தேடினோம். வடிகான் மூடி, மேசைக்கு அடி, ஓட்டுக் குப்பை எல்லாம் பார்த்தாயிற்று. இதற்குள் எங்கள் மெனேஜர் வந்துவிட்டார். சிலாபத்துக்காரர். தமிழையும் சிங்களத்தையும் கலந்து பேசுவார். கெட்டவர் இல்லை. வாளிகளைத் திறந்தால் சதை சூடேறிப் பழுதாகும், திறக்காமல் வைத்திருந்தால் லொறி பிந்தும், பிந்தினால் பெரிய தொழிற்சாலை ஏன் என்று கேட்கும், கத்தி காணவில்லை என்று சொன்னால் நம் வியாபாரமே முடிந்தது. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கத்தி வீட்ட போயிட்டுது எண்டா லொறி போகலாம் தானே?"

அந்தக் கேள்வி என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கத்தி ஜெஸீமா வீட்டில் இருந்தால் வாளிகள் சுத்தம், லொறி போகலாம், என் பலகையிலும் பிழை இல்லை. முன்பும் கொண்டுபோனவர்தானே, பகலுக்கு வீட்டுக்குப் போய் வந்தவர்தானே, முகாம் ஆள்தானே என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் பொருந்தி வந்தது. ஏன் என்று ஐந்து தடவை கேட்கச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் யார் என்று ஒரு தடவை கேட்டேன், பதிலும் உடனே கிடைத்துவிட்டது. சட்டென்று பொருந்தி வரும் பதிலைத்தான் ஒரு சந்தேகக்காரன் முதலில் சந்தேகிக்க வேண்டும். அன்று அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது, அதனால் சந்தேகம் வரவில்லை.

பையைச் சோதித்தோம், இல்லை. அதோடு நின்றிருக்கலாம். நான் நிற்கவில்லை. வாசல் காவலில் இருந்த பெண்ணையும் ஜெஸீமாவையும் ஒரு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வரும் நேரம். கம்பனி ஆட்கள் வந்து இறங்குவதைக் கண்டு அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். காவல்காரப் பெண் குசினியில் அடுப்படிவரை பார்த்தாள், அலுமாரியைப் பார்த்தாள். கதிரையில் இருந்த ஜெஸீமாவின் உம்மா, நாங்கள் கேட்காமலே எழும்பிப் போய், கட்டிலுக்கு அடியில் இருந்த தன் துணிப்பையை இழுத்தெடுத்து, எங்கள் முன்னால் நிலத்தில் கொட்டினார். சோதிக்க வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு முன்பே பழக்கம் இருந்தது. எந்தப் பழக்கம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. கொட்டிய துணிகளுக்குள் கத்தி இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

கத்தி அங்கே இல்லை.

திரும்பி வந்ததும் மெனேஜர் ஒரு தாளை நீட்டினார். பகல் நேரத்தில் கத்தியை வெளியே கொண்டுபோனேன், வழியில் தவறிவிட்டது என்று நாலு வரி. ஜெஸீமா கையெழுத்து வைத்தால் கத்தி கம்பனிக்கு வெளியேதான் தொலைந்தது என்று ஆகிவிடும். தாளை எழுதியது மெனேஜர் என்றாலும், அதை அவர் முன்னால் வைத்துப் பேசியது நான். வேலை போகாது, ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவோம், சும்மா ஒரு கையெழுத்துத்தான் தங்கச்சி என்றேன். கையெழுத்து வைக்காவிட்டால் நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்றும் சொன்னேன். தங்கச்சி என்ற வார்த்தையை நான் இரண்டு தடவை சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

அவர் தாளை முழுக்க வாசித்தார். பேனையைத் தொடவில்லை.

"நான் கொண்டுபோனன் எண்டு எழுதிட்டா லொறி போயிடும்," என்றார். "கத்தி வாளிக்குள்ள கிடந்தா? அதத் திங்கிற ஆளுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க சேர்?"

அந்த அறையில் தர அதிகாரி என்று பெயர் எழுதிய மேசை என்னுடையது. தர அதிகாரி பேச வேண்டிய பேச்சைப் பேசியவர், வேலை போகப் போகிற ஒரு தொழிலாளி. எனக்கு முகம் சுட்டது. கோபமும் வந்தது. சரியான பேச்சை நாம் சந்தேகப்படும் ஆளின் வாயிலிருந்து கேட்கும்போது வருகிற கோபம் பொல்லாதது. நீங்களும் ஒரு நாள் அதை உணர்வீர்கள், உணரும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் மூடவில்லை. இவ்வளவு சட்டம் பேசத் தெரிந்தவருக்குக் கத்தியை ஒளிக்கவும் தெரியும் என்றேன். அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன், அதுவும் அவர் சொன்ன பிறகு. கையெழுத்து இல்லாமல் லொறியை அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. வாளிகளை இறக்கச் சொன்னேன். மெனேஜர் தலையில் கைவைத்தார். நின்ற பெண்கள் எல்லோரும் ஒவ்வொரு வாளியையும் திறந்து விரலால் துழாவினார்கள். கத்தி அகப்படவில்லை. பாதிச் சதை பழுது. பெரிய தொழிற்சாலைக்கு ஐஸ் போதவில்லை என்று ஒரு பொய்யைச் சொன்னோம். வாளி துழாவிய பெண்கள் கையைக் கழுவிவிட்டு, என்னைப் பார்க்காமல் கடந்து போனார்கள்.

மறுநாள் காலை, பெண்கள் வருவதற்கு முன், புதிதாகக் கட்டிய பக்கத்து அறைக்கு இன்னொரு கத்திப் பலகை செய்ய நினைத்தேன். பார்வையாளர்களுக்குக் காட்ட வேண்டுமே. அதற்காக முந்தின நாள் வடிவம் கீறி வைத்திருந்த பிரிஸ்டல் போட் மட்டையை அலுமாரிக்கு மேலிருந்து எடுத்தேன். சுருட்டியிருந்த மட்டை கையில் கனத்தது. விரித்தபோது கத்தி மேசையில் விழுந்தது. பதினேழு.

முந்தின நாள் பகல், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். மட்டையில் வைத்துச் சுற்றிவர வடிவம் கீற ஒரு கத்தி வேண்டியிருந்தது. மேலதிகக் கத்திகளைப் பூட்டி வைத்திருந்த மேசை லாச்சியின் திறப்பு பௌசியா ராத்தாவிடம் இருந்தது. இரண்டு நிமிடத்துக்குத்தானே என்று பலகையிலிருந்து கைக்கு எட்டியதை எடுத்தேன். கீறி முடிக்கிற நேரம் பெரிய தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்தது. மட்டையைக் கத்தியோடு சேர்த்துச் சுருட்டி மேலே வைத்துவிட்டுப் பேசப் போனேன். அதன் பிறகு அந்தக் கத்தி என் நினைவில் இல்லை. சத்தியமாக இல்லை. மண்டபம் முழுக்கத் தேடும்போதும், ஒரு வீட்டுக் குசினியைக் கிளறும்போதும், தொட்டவர்களில் நானும் ஒருவன் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. மற்றவர்கள் எடுத்தால் அது எடுத்தல். நான் எடுத்தால் அது வேலை. என் மனம் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தது.

இனிச் சொல்லப்போவதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். நாலாம் மேசையின் காலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருந்தது. முந்தின நாள் அங்கே ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குள் போட்டுவிட்டு, பெண்கள் வந்ததும் கண்டெடுத்தால் போதும். ஜெஸீமாவும் தப்புவார், நானும் தப்புவேன், தவறி விழுந்தது என்று முடிந்துவிடும். யாருக்கும் நட்டம் இல்லை. முழங்காலில் குந்தி, கையை இடுக்குக்குள் விட்டும்விட்டேன்.

என்னை நிறுத்தியது நல்ல மனசு என்று எழுத ஆசைதான். உண்மையில் நிறுத்தியது என் சந்தேகக் குணம். முந்தின நாள் இருபத்து நாலு பேரும் தவழ்ந்து தேடிய இடம் இது. அந்த இடுக்கை யாராவது ஒருவர் பார்த்திருந்தால்? நான் கண்டெடுப்பதாக நடிப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா நின்றால்? அதன் பிறகு அந்த மண்டபத்தில் நான் சொல்லும் எந்த இலக்கத்தை யார் நம்புவார்? கையை வெளியே எடுத்தேன். பயத்தில் எழும்பியவன்தான், துணிவில் எழும்பியவன் அல்ல.

காலைக் கூட்டத்தில் கத்தியை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, நடந்ததைச் சொன்னேன். எடுத்தது நான், மறந்தது நான், ஜெஸீமா மாட்டியது உண்மை. சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் நம்பவில்லை. மெனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பிள்ளையைத் திரும்ப எடுப்பதற்காக இப்படி ஒரு கதை கட்டத் தேவையில்லை என்றார். பெண்களிடம் வேறு கதை ஓடியது. அதைப் பௌசியா ராத்தா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆளக் குறைக்கத்தான் சேர் கத்திய எடுத்து ஒளிச்சது எண்டு கதைக்கிறாங்க. வாளியத் திறந்து சதை பழுதானதும் பயந்து போய்ச் சொல்லிட்டீங்களாம்."

நீங்களும் அப்படி நினைக்கிறீர்களா என்று கேட்டேன். நான் என்னத்தைக் கண்டேன் சேர் என்றார். எட்டு மாதம் அவர்களை நான் பார்த்த பார்வைதான் அன்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

அன்று பகலே ஜெஸீமா வீட்டுக்குத் தனியாகப் போனேன். ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கதவில் நின்றார், உள்ளே வரச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். வேலைக்கு வரச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொன்னதை நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

"இப்ப ஒருத்தரும் இல்ல சேர்," என்றார். "நேத்து வந்த நேரத்துக்கு வாங்க."

வந்தேன். அஸருக்குப் பிறகு, அதே ஓட்டோவில். அதே ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் இறங்கி, ஒழுங்கையின் நடுவில் நின்று, கத்தியை எடுத்தது நான்தான், இந்த வீட்டில் தேடியது என் பிழை என்று சத்தமாகச் சொன்னேன். ஒரு கிழவர் கேட்கவில்லை என்று காதில் கைவைத்தார். இன்னொரு தடவை சொன்னேன். உம்மா கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்த அறிக்கையும் அந்த இரண்டு வாக்கியத்தைப் போலக் கஷ்டமாக இருந்ததில்லை.

ஜெஸீமா மறுநாள் வேலைக்கு வந்தார். அந்த வாரம்தான் யோசனைப் பெட்டியில் முதல் தாள் விழுந்தது. பெயர் இல்லை. "பலகையில கை வைக்கிற எல்லாரும் ஒருத்தருக்குச் சொல்லிட்டு வைக்க வேணும். எல்லாரும் எண்டா எல்லாரும்." எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். எல்லோருடைய கையெழுத்தும் என் கோப்பில் இருந்தது. கோப்பை நான் திறக்கவில்லை. தாளை அப்படியே பலகைக்கு மேலே ஒட்டினேன். அதன் பிறகு, ஒரு கத்தியைத் தொட வேண்டுமென்றால் பௌசியா ராத்தாவிடம் போய், ராத்தா, பதினொன்றை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன். முதல் கொஞ்ச நாள் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. மெல்ல மெல்ல வேறு தாள்களும் விழத் தொடங்கின. மேசை உயரம், கால் வலி, சப்பாத்துக்குள் தண்ணீர். நான் அளந்து கண்டுபிடிக்காததையெல்லாம் அவர்கள் எழுதித் தந்தார்கள். பார்வையாளர்கள் வந்து நல்ல புள்ளி போட்டுவிட்டுப் போனார்கள். அது அவ்வளவு முக்கியம் இல்லை.

முக்கியமானது வேறொன்று. திரும்பி வந்த முதல் நாள் பின்னேரம், ஜெஸீமா பதினேழாம் கொக்கியில் கத்தியை மாட்டினார். விரலால் தொட்டுப் பார்த்தார். வழக்கமாக உடனே போய்விடுவார். அன்று போகவில்லை. பலகைக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் ஏதோ குறித்துக்கொண்டு நின்றேன். அவர் அசையவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் மண்டபத்தை விட்டு வெளியேறும்வரை காத்திருக்கிறார். நான் வெளியேறினேன். அதன் பிறகு அவர் வந்தார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசினார், நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார், என் மகளின் கல்யாணத்துக்கு உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆனால் கத்தியை மாட்டிவிட்டு எனக்கு முன்னால் ஒரு நாளும் மண்டபத்தை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. வேலை முடியும் நேரம் வந்தால் நானே முதல் ஆளாக வெளியேறப் பழகிக்கொண்டேன். சுவரில் எழுதாத விதி அது ஒன்றுதான். அதை ஒருவரும் மீறவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில் மண்டபத்திலேயே தேநீரும் கேக்கும் வைத்தார்கள். மெனேஜர் பேசினார், பௌசியா ராத்தா அழுதார். ஜெஸீமா எல்லோர் சார்பிலும் ஒரு கைக்கடிகாரம் தந்து, ஸலாம் சொல்லி, எனக்காக துஆச் செய்வதாகச் சொன்னார். மனம் நிறைந்திருந்தது. இன்றைக்காவது என்று ஒரு சின்ன ஆசை எனக்குள் இருந்தது, மறைக்கவில்லை. வேலை முடிந்து ஒவ்வொருவராகக் கத்தியை மாட்டிவிட்டுப் போனார்கள். அவர் பதினேழை மாட்டி, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பலகைக்குப் பக்கத்தில் நின்றார். கடிகாரப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் முதலில் வெளியே போனேன்.